ஏடு கட்டிய ரத்தம்

மார்ச் 3

அன்புள்ள வண்டு,

என் உடம்பு என் சொல்படிதான் நடக்கிறது, இடது கண்ணைத் தவிர. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? சலவைக் கடைக்குப் புதுக் கொதிகலன் வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். பழையதைப் போல முனகாமல் இருக்கிறதா?

இதற்குள் என் கண் அறுவை முடிந்திருக்கும் என்று நினைத்திருப்பாய். முடியவில்லை. புரை நன்றாக முற்றியிருக்கிறது; வலது கண் படிக்க மட்டும் உதவும், தூரத்துக்கு ஆகாது. தெருவிளக்குகளைப் பஞ்சில் சுற்றி வைத்தது போலத் தெரிகிறது. எதிர் வீட்டு வக்கீல் மாடிப்படி ஏறி வந்தால் முதலில் ஒரு வெள்ளைச் சட்டை வருகிறது, முகம் பிறகுதான் வந்து சேர்கிறது. இதில் ஓர் அழகு இல்லாமல் இல்லை. தூசு கண்ணில் படுவதில்லை.

அறுவைக்கு முன் ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் போனபோது பரிசோதனைக்கூடத்துப் பெண் என்னை உள்ளே கூப்பிட்டு, கண்ணாடிக் குழாயைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். கீழே அடர்ந்த சிவப்பு. அதன் மேல், தெளிந்த மஞ்சளாக இருக்க வேண்டிய இடத்தில், பால். ஆற வைத்த பாலில் ஏடு கட்டியது போலவே இருந்தது. “என்ன மேடம், விருந்துல இருந்து நேரா இங்க வந்துட்டீங்களா?” என்றாள். வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் வெறும் வயிற்றோடு வரும் பள்ளியில் படித்தவள் நான் என்று அவளுக்குச் சொன்னேன். கன்னியாஸ்திரீகள் எங்களைக் கொழுப்பு ஏற விட்டதில்லை.

ரத்தத்தில் கொழுப்பு இருக்க வேண்டியதைப் போலப் பல மடங்காம். அது இறங்கும் வரை கண்ணில் கத்தி வைக்கமாட்டேன் என்கிறார் கண் மருத்துவர். இரவில் ஒரு துண்டு ரொட்டியும் ஒரு கிண்ணம் சூப்பும் சாப்பிடுகிறவளுக்கு இது எப்படி வந்தது என்பது அந்தக் கூடத்தில் யாருக்கும் புரியவில்லை.

அன்று மதியம் கண் அயர்ந்தபோது உன் அண்ணன் வந்தார். நில அளவைக் கோலை ஊன்றிக்கொண்டு பால் போன்ற ஆற்றில் முழங்கால் வரை நின்றார். ஏதோ ஓர் எண்ணை உரக்கச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். என் பென்சில் வெள்ளையாக எழுதியது.

முழங்கால் சரியாகும் வரை படிகளில் பார்த்து நட.

உன்,
அண்ணி


மார்ச் 5

மதிப்புக்குரிய டாக்டர் அவர்களுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரயிலேறி வந்து, எச்.ஐ.வி. மாத்திரைகளை வாங்கித் தையல் பெட்டியில் வைத்து எடுத்துப் போகும் கிழவி நான். “உங்க பெட்டியில நூலே இல்லையேம்மா” என்று ஒரு முறை சிரித்தீர்கள்.

உங்கள் மருத்துவமனைத் தொலைபேசியில் என் நோயின் பெயரைச் சொன்னால்தான் உங்களுக்கு இணைப்புக் கொடுக்கிறார்கள். என் வீட்டுச் சுவர்கள் மெல்லியவை. ஆகவே எழுதுகிறேன்.

கண் அறுவைக்காக எடுத்த ரத்தத்தில் கொழுப்பு அளவுக்கு மிஞ்சி இருக்கிறது. முடிவுத்தாளை இணைத்திருக்கிறேன். கண் மருத்துவருக்கு என் நோய் தெரியும். உங்களைக் கேட்டுக்கொண்டு வரச் சொல்கிறார். முதலில் கொடுத்த மாத்திரைகளால்தான் என் கன்னம் ஒட்டியது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். இதுவும் மாத்திரையின் வேலையா? வேறு மாத்திரை எதுவும் நான் எடுப்பதில்லை, இன்றைய தேதியில்.

பதிலை மருத்துவமனையின் பெயர் அச்சிடாத உறையில் அனுப்புமாறு மறுபடியும் வேண்டுகிறேன். காரணம் உங்களுக்குத் தெரியும். என் கணவர் இதனால்தான் இறந்தார். அவர் தங்கையிடம் நுரையீரல் என்று சொல்லியிருக்கிறேன். அது பொய்யல்ல, நுரையீரலில்தான் முடிந்தது. எனக்கு இருக்கும் ஒரே உறவு அவள். அவளுக்கு இருக்கும் ஒரே பெருமை அவர். ஒன்றை எடுத்தால் மற்றது நிற்காது என்று அஞ்சுகிறேன்.

தங்கள் பணி சிறக்க வேண்டும்.

இப்படிக்கு,
தையல் பெட்டிக்காரி


மார்ச் 14

அன்புள்ள அண்ணி,

முழங்காலுக்குள் யாரோ மணல் அரைக்கிறார்கள். கொதிகலன் மட்டும் பாட்டுப் பாடுகிறது. இரண்டுக்கும் நடுவில் நான் வண்டாகத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அண்ணா பெயர் வைத்த நேரம் அப்படி.

உங்கள் கடிதத்தைக் கடையில் சத்தமாகப் படித்துத் தொலைத்தேன். இஸ்திரி போடும் அக்கா, “உங்க அண்ணிக்குக் கொழுப்பு இருக்குன்னு இப்பத்தான் கண்டுபிடிச்சாங்களா?” என்று கேட்டாள். நான் சிரித்த சிரிப்பில் ஒரு சட்டைக் காலர் கருகிவிட்டது. சட்டைக்காரரிடம் உங்கள் பெயரைத்தான் சொல்லப் போகிறேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். வெண்ணெய் டப்பாவை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். சூப்பிலா கொழுப்பு வரும்?

எனக்கும் போன வருடம் ஏறித்தான் இருந்தது. மாத்திரை போட்டதும் இறங்கிவிட்டது. அதே மாத்திரையில் ஓர் அட்டை இத்துடன் அனுப்புகிறேன். படுக்கும் முன் ஒன்று. டாக்டரைக் கேட்டுத்தான் போடுவேன் என்று இழுக்க வேண்டாம். ஆஸ்பத்திரி என்றாலே உங்களுக்கு ஆகாது, அண்ணா போனதிலிருந்து. எனக்கும்தான்.

இப்போது நல்ல சேதி. ஆற்றங்கரைப் பூங்காவில் குடும்பத்தார் யாராவது பெஞ்சு போட்டுக் கொடுத்தால், போனவரின் நினைவாகப் பித்தளைத் தகடு பதிக்க நகராட்சி விடுகிறது. அண்ணாவுக்கு ஒன்று சொல்லிவிட்டேன். தகட்டில் என்ன எழுதுவது என்றுதான் பேச்சு. “கறையில்லாத மனிதர் ஒருவரின் நினைவாக” என்று நினைத்திருக்கிறேன். இத்தனை வருடம் ஊரார் துணியில் கறை தேடியே கண் போனவள் நான். நான் பார்த்ததிலேயே கறை இல்லாத ஒரே துணி அவர். நீங்கள் படித்தவர், திருத்தி அனுப்புங்கள்.

மாத்திரையை மறக்க வேண்டாம்.

உங்கள்,
வண்டு


மார்ச் 22

அன்புள்ள வண்டு,

உன் கடிதம் வந்தபோது நான் நன்றாக இருந்தேன். படித்து முடித்தபோது இன்னும் நன்றாக இருந்தேன். கருகிய காலருக்கு என் வருத்தத்தைத் தெரிவித்துவிடு.

காப்பீட்டு அலுவலகத்தில் நான் பார்த்த வேலை உனக்குத் தெரியும். மறுப்புக் கடிதம் எழுதுவது. வீடு எரிந்தவர், கப்பல் கவிழ்ந்தவர், கை போனவர், எல்லாருக்கும் இல்லை என்று சொல்லுவேன். அவர்களே நன்றி சொல்லிப் பதில் எழுதும்படி சொல்லுவேன். உன் மாத்திரை அட்டையை மேசையில் வைத்துக்கொண்டு மறுக்க ஒரு வாக்கியம் தேடினேன். கிடைக்கவில்லை. காரணம் காட்டாமல் மறுப்பது மரியாதையில்லை என்று பழகிவிட்டேன். ஆகவே விழுங்கிவிட்டேன். சின்ன மாத்திரைதான், தொண்டையில் நிற்கவில்லை.

தகட்டைப் பற்றி. பித்தளையில் அடைமொழி வேண்டாம். அடைமொழியைப் பார்த்தால் எதையோ மூடுகிறார்கள் என்று வழிப்போக்கர் நினைப்பார்கள். அவர் தொழிலையும் ஆண்டையும் போட்டால் போதும். நில அளவையாளர் என்பது நல்ல சொல்.

கண்ணில் பனி இன்னும் இறங்குகிறது. மாலையில் சன்னலோரம் உட்கார்ந்தால் தெரு மிதக்கிறது. எதிரே குடையோடு போகிறவர்கள் குடை மட்டுமாகப் போகிறார்கள். இப்படியே விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. கொதிகலன் வைத்திருப்பவளுக்கு இதையும் நான் சொல்ல வேண்டுமா?

உன்,
அண்ணி


ஏப்ரல் 18

அன்புள்ள அண்ணி,

நானும் நலம், கடையும் நலம். நீங்கள் மாத்திரை போட்டதைப் படித்ததும் கடைக்கு அரை நாள் லீவு விடலாமா என்று யோசித்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாத்தனார் பேச்சை நீங்கள் கேட்டது இதுதான் முதல் தடவை. இந்த உறையில் இன்னும் இரண்டு அட்டை வைத்திருக்கிறேன். நிறுத்திவிடாதீர்கள்.

அடைமொழி விஷயத்தில் நான் விடுவதாக இல்லை. நில அளவையாளர் என்றால் யாருக்குத் தெரியும்? ஊரில் நூறு பேர் நிலம் அளக்கிறார்கள். எனக்கு அப்பா இல்லாத குறை தெரியாமல் படிக்க வைத்து, கடை வைத்துக் கொடுத்து, மாசக்கணக்கில் மலையிலும் காட்டிலும் கூடாரத்தில் கிடந்துவிட்டு வந்தாலும் முதலில் என் வீட்டு வாசலில்தான் செருப்பைக் கழற்றினார். அவரைக் கறையில்லாதவர் என்று நான் சொல்லாமல் யார் சொல்வது? ஜூன் கடைசியில் பெஞ்சு போடுகிறார்கள். நீங்கள் வர வேண்டும். கண் தெரியாவிட்டால் தடவிப் படியுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக இருக்கிறது. கோபத்தில் கேட்கவில்லை.

அண்ணாவின் கடைசி வாரத்தில் நான் வந்திருந்தேன். வார்டு வாசலில் நீங்கள் நின்றுகொண்டு, “தூங்குறார், அப்புறம் பாரு” என்றீர்கள். நான் இருந்த நாளெல்லாம் அவர் தூங்கிக்கொண்டேதான் இருந்தார். கொண்டுவந்த ஆப்பிள் பையை உங்கள் கையில் கொடுத்துவிட்டு ரயிலேறினேன். அந்த வாசல் இப்போதும் கனவில் வருகிறது. உங்கள் தோளுக்கு மேல் ஒரு வெள்ளைத் திரை அசைகிறது. நான் எட்டிப் பார்க்கிறேன், நீங்களும் கூடவே உயரமாகிறீர்கள். ஏன் அண்ணி என்னை உள்ளே விடவில்லை?

பதில் எழுதுங்கள்.

உங்கள்,
வண்டு


மே 4

அன்புள்ள வண்டு,

சுகமாக இரு. இங்கே சொல்லும்படி ஒன்றுமில்லை. இரண்டு நாளாகத் தொடைகள் கனக்கின்றன. யாரோ ஈர மணலை உள்ளே கொட்டித் தைத்துவிட்டது போல. உன் முழங்காலிலிருந்து அரைத்து எடுத்ததாக இருக்கலாம். நேற்று மாடி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டேன். வக்கீல் வந்து பார்த்துவிட்டு, “என்ன மேடம், படியிலேயே கோர்ட் வெச்சுட்டீங்களா? எனக்கு வாய்தா குடுங்க, பசிக்குது” என்றார். கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். என்னை ஒருவர் கையைப் பிடித்து ஏற்றுவது இதுதான் முதல் முறை. அவர் கை சூடாக இருந்தது.

தகட்டில் உன் விருப்பப்படியே போடு.

மாத்திரை தீரவில்லை.

உன்,
அண்ணி


மே 10

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் மன்னிப்பு. பிரசவ விடுப்பில் இருந்தேன். பெயரில்லாத உறை என்பதால் உங்கள் கடிதத்தை யாரும் பிரிக்காமல் என் மேசையிலேயே வைத்திருந்தார்கள். நேற்றுத்தான் பார்த்தேன். பெண் குழந்தை, நன்றாக இருக்கிறாள். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

உங்கள் சாப்பாட்டின் மீது பழியில்லை. எச்.ஐ.வி. கிருமியே ரத்தத்தில் கொழுப்பின் போக்கை மாற்றிவிடும். நல்ல கொழுப்பு குறையும், மற்றது ஏறும். மருந்து கிருமியை அடக்கும். ஆனால் நீங்கள் எடுக்கும் வகை மாத்திரை சிலருக்குக் கொழுப்பைத் தன் பங்குக்கும் ஏற்றிவிடும். சூப்பு மட்டும் குடிப்பவருக்கும் ரத்தம் பாலாகும். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. ஆனால் அப்படியே விட்டால் இதயத்துக்கும் கணையத்துக்கும் ஆபத்து. உங்கள் மாத்திரையை வேறு வகைக்கு மாற்றலாம், கொழுப்புக்கும் பொருத்தமான மருந்து தரலாம்.

ஒன்றை மட்டும் அடிக்கோடிட்டு எழுதுகிறேன். கொழுப்புக்கு என்று வேறு யார் எதைக் கொடுத்தாலும் வாயில் போடாதீர்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் சில மாத்திரைகள் உங்கள் மாத்திரையோடு சேர்ந்தால் வெளியேறாமல் உடம்பிலேயே பல மடங்கு தேங்கிவிடும். தசை கரையும், சிறுநீரகம் கெடும். காலில் வலியோ, சிறுநீர் கறுத்துப் போவதோ இருந்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

உடனே வாருங்கள். தையல் பெட்டி இல்லாமல் வந்தாலும் சரி.

அன்புடன்,
உங்கள் டாக்டர்


மே 19

அன்புள்ள வண்டு,

உன் முழங்கால், கொதிகலன், இஸ்திரி அக்கா எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். நான் ஒரு மருத்துவமனைக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். இடது கையில் ஊசி, வலது கையில் பேனா. கோடு வளைந்திருந்தால் பொறுத்துக்கொள். இந்தக் கடிதத்தை நகல் எடுத்துத் திருத்தப் போவதில்லை.

உன் அண்ணன் இறந்தது எச்.ஐ.வி.யால். எனக்கும் அது இருக்கிறது.

எழுதிவிட்டேன். மேலே ஒரு மருந்துப் பை சொட்டிக்கொண்டிருக்கிறது, அது நிற்கவில்லை. சன்னலும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அவர் படுக்கையில் விழுந்த பிறகுதான் இருவருக்கும் தெரிந்தது. எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. ஒரு நாள் அவரே சொல்ல வாயெடுத்தார். “வேண்டாம்” என்றேன். அது அன்பா, வீம்பா என்று இன்றுவரை பிரித்துப் பார்க்கவில்லை. அவருக்கு மருந்து எட்டவில்லை. எனக்கு எட்டியது. ஒரு நாளும் தவறாமல் விழுங்கி வருகிறேன். கிருமி அடங்கியிருக்கிறது. அந்த மாத்திரைதான் ரத்தத்தைப் பாலாக்கியது, வெண்ணெய் அல்ல.

நீ அனுப்பிய மாத்திரை நல்ல மாத்திரை. உனக்கு நல்லது. என்னுடையதோடு சேரக் கூடாதது. கால்கள் கனத்தன, பிறகு சிறுநீர் கறுத்த தேநீர் போலப் போனது. டாக்டரின் கடிதம் வந்த அன்றே வக்கீலிடம் கால் வலி என்று மட்டும் சொல்லி வாடகைக் கார் பிடித்து இங்கே வந்தேன். காலி அட்டையை டாக்டரின் மேசையில் வைத்தேன். வேறு மாத்திரை எடுப்பதில்லை என்று எழுதியிருந்தீர்களே என்றார். எழுதிய தேதியில் அது உண்மை என்றேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, “மயக்கம் போட்டு விழுந்திருந்தா, எந்த மாத்திரை சாப்பிடறீங்கன்னு சொல்ல உங்க வீட்ல யாரும்மா இருக்காங்க?” என்றார்.

நெடுநேரம் யோசித்தேன். உன்னைத் தவிர எனக்கு யாரும் நினைவுக்கு வரவில்லை.

சிறுநீரகம் தப்பிவிட்டதாம். பயப்படாதே. இரண்டொரு நாளில் வீட்டுக்குப் போகலாம்.

நீ கேட்டதற்குப் பதில். அவர் தூங்கவில்லை. உன் குரல் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். “அவ உள்ள வர வேணாம். அவ மனசுல நான் எப்படி இருக்கேனோ அப்படியே இருந்துட்டுப் போறேன்” என்றார். ஆப்பிளை மட்டும் ஒன்று கேட்டு வாங்கி, கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

தகடு வெட்டக் கொடுத்திருந்தால் நிறுத்து. வெட்டியாகியிருந்தால், உன் விருப்பம்.

அண்ணி


ஜூன் 21

அன்புள்ள வண்டு,

நலமா? நான் வீட்டில்தான் இருக்கிறேன். படி ஏற முடிகிறது. மாத்திரையை மாற்றிவிட்டார்கள்.

தபால்காரர் வரும் நேரத்தில் சன்னலோரம் இருக்கிறேன். பனிக்குள் இருந்து அவருடைய மணி மட்டும் வருகிறது. நம் வாசலைத் தாண்டிப் போகும்போதும் அதே ஓசைதான்.

உன் பழைய கடிதங்களில் ஒன்றைக் கனவில் யாரோ துவைத்துக் கொடியில் காயப் போட்டிருந்தார்கள். எழுத்தெல்லாம் போய், தாள் வெளுத்துக் காற்றில் ஆடியது.

பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.

அண்ணி


ஜூலை 12

அண்ணி,

வீட்டில் உங்களோடு பேசுகிற மாதிரியே எழுதப் போகிறேன். திருத்தாதீங்க.

உங்க கடுதாசியைப் படிச்சுட்டு அப்படியே மடிச்சு இடுப்புல செருகிக்கிட்டேன். யார்கிட்டயும் படிச்சுக் காட்டலை. கடைக்குப் போனேன், வந்தேன், போனேன், வந்தேன். அண்ணா இன்னொரு தடவை செத்த மாதிரி இருந்துச்சு. இந்தத் தடவை வாசல்ல நிறுத்தி வைக்க யாரும் இல்லை, நானே உள்ள போய்ப் பாத்துட்டேன். அவர் மேல கோபம் வந்துச்சு. யாரு, எங்க, எந்தக் கூடாரம்னு மனசு போய்க்கிட்டே இருந்துச்சு. அப்புறம் அந்த ஆப்பிள் ஞாபகம் வரும். கோபம் நிக்காது.

உங்க மேலயும் கோபம்தான். நோய்க்காக இல்லை. என்கிட்ட சொல்ற அளவுக்கு என்னை நம்பலை. ஆனா நான் என்னத்தை அனுப்பினாலும் முழுங்கற அளவுக்கு நம்புனீங்களா? என் கையாலயே உங்களைக் கொன்னிருப்பேனே அண்ணி. நாத்தனார் அண்ணிக்கு விஷம் வெச்சான்னு ஊரே பேசியிருக்கும். வக்கீல் வேற எதிர்லயே இருக்கார்.

ஒரு நாள் வேற வழியில்லாம இஸ்திரி அக்காகிட்ட பொதுவாக் கேட்டேன். தெரிஞ்சவங்களுக்கு இப்படின்னு. அவ பெட்டியைத் தூக்கி நிறுத்திட்டு, “மாத்திரை சாப்பிடறாங்கள்ல? அப்புறம் என்ன?”ன்னா. அடுத்த சட்டையை எடுத்துட்டா. நான்தான் இத்தனை நாள் சும்மா வீட்டுக்கும் கடைக்கும் நடந்திருக்கேன்.

தகடு வெட்டிட்டாங்க. கறையில்லாதன்னு பளபளன்னு இருந்துச்சு. வாங்கிட்டு வந்து கடை மேசையில வெச்சு நாளெல்லாம் பாத்தேன். கறையே படாத துணி எங்க கடைக்கு வந்ததில்லை அண்ணி. வந்தா அது யாரும் உடுத்தாத துணி. திருப்பிக் கொடுத்துட்டு வேற வெட்டச் சொன்னேன்.

“நிறைய நடந்தவர் ஒருவரின் நினைவாக. உட்காருங்கள்.”

இவ்வளவுதான். பதிச்சாச்சு. உங்களைக் கேக்கலை.

எனக்குத் தெரிய வேண்டியது இது. உங்க மாத்திரை பேரு என்ன, எப்போ சாப்பிடணும், எதோட சேரக் கூடாது, டாக்டர் நம்பர் என்ன. எல்லாத்தையும் எழுதி அனுப்புங்க. கடைச் சுவர்ல ஒட்ட மாட்டேன், பயப்படாதீங்க, மனப்பாடம் பண்ணிக்குவேன்.

நீங்க இன்னும் அந்த வார்டு வாசல்லயே நின்னுக்கிட்டு இருக்கீங்க அண்ணி. தள்ளி நில்லுங்க. நான் உள்ள வரணும்.

வண்டு


ஆகஸ்ட் 5

அன்புள்ள வண்டு,

இரண்டு கண்ணாலும் பார்த்து எழுதுகிறேன். சென்ற வாரம் கண் அறுவை முடிந்தது. அதற்கு முன் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அதே பெண், அதே சன்னல். குழாயை அவளே தூக்கிப் பிடித்தாள். சிவப்புக்கு மேல் மஞ்சள் தெளிந்திருந்தது, கொஞ்சம் மங்கலாக, விடியற்காலை ஆறு போல. “இந்தத் தடவை விருந்துக்குப் போகலை போல” என்றாள். இனிமேல்தான் போகப் போகிறேன் என்றேன்.

கட்டு அவிழ்த்ததும் உலகம் இத்தனை ஓரங்களோடு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வக்கீலின் முகம் சட்டையோடு சேர்ந்தே வருகிறது. என் வீடு தூசு மயம். கண்ணாடியில் என் கன்னங்களைப் பார்த்தேன். ஒட்டித்தான் இருக்கின்றன. அவை நான் உயிரோடு இருக்கக் கொடுத்தவை என்று வைத்துக்கொண்டேன். பனி போனதில் கொஞ்சம் வருத்தம்தான். அதற்குள் உன் அண்ணன் சுலபமாக வந்து போனார்.

உன் கடிதம் வந்ததும் ஒற்றைக் கண்ணால் ஒரு முறை படித்தேன். இப்போது இரண்டு கண்ணால் மறுபடி படித்தேன். கொச்சையாக எழுதியிருக்கிறாய். ஓர் எழுத்தையும் நான் தொடவில்லை. தகட்டில் இருப்பதையும் தொடமாட்டேன். அந்த நான்கு சொற்கள் எனக்கு முப்பது ஆண்டு அலுவலகத்தில் கிடைக்கவில்லை. ஐந்தாவது சொல் அவரே சொல்லுவதுதான், வீட்டுக்கு யார் வந்தாலும்.

நீ கேட்ட விவரங்கள் தனித்தாளில் இருக்கின்றன. டாக்டரிடம் உன் பெயரையும் கொடுத்துவிட்டேன். உறவு என்ன என்று கேட்டார். நாத்தனார் என்றேன். “அவ்வளவு நெருக்கமா?” என்று சிரித்தார். அவருக்கு இன்னும் கல்யாண வாழ்க்கையில் நிறையப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வரும் வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். தையல் பெட்டி எடுத்து வரவில்லை. நிலையத்துக்கு வர வேண்டாம், உன் முழங்கால் கெடும். நேராகப் பூங்காவுக்கு வந்துவிடு. நானும் வந்து உட்காருகிறேன். பிறகு உன் வீட்டில் சாப்பிடலாம்.

சாப்பிட்டதும் என் மாத்திரையைப் போட வேண்டும். உன் அண்ணன் போனதிலிருந்து அதை நான் யார் எதிரிலும் விழுங்கியதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்து கையில் பிடித்துக் குடிப்பதே பழக்கமாகிவிட்டது.

ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து வை.

உன்,
அண்ணி